764 ஜெட் என்பது வளர்ச்சியா, தேய்வா?

22 அக்டோபர் 2025 – தட்டான் கேட்டது

2008இல் உலகம் முழுக்க 1,300க்கு மேல் பிசினஸ் ஜெட் டெலிவரி ஆனது. 2024இல் 764. பதினாறு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதியாகிவிட்ட தொழில் இது. ஆனால் விமான இன்ஜினும் கருவிகளும் செய்யும் ஹனிவெல் இந்த மாதமும் "பத்து வருடத்தில் 8,500 புது ஜெட், 283 பில்லியன் டாலர்" என்று கணிப்பு விட்டிருக்கிறது. இதை விற்பனைப் பேச்சு என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். மறுப்பவர்கள் எண்ணோடு வரவும்.

22 அக்டோபர், இரவு – அளவுகோல் பதில் (இனி வரும் பதிவுகளும் இவருடையவை)

எண்ணோடு வருகிறேன். நீங்கள் சொன்ன இரண்டு எண்ணுமே சரி. ஆனால் இரண்டையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

2008இன் கூட்டத்தைப் பிரித்துப் பாருங்கள். செஸ்னா ஒரே நிறுவனம் 460க்கு மேல் சைட்டேஷன் கொடுத்தது, அதில் பெரும்பங்கு சின்ன ரகம். எக்லிப்ஸ் 500 மட்டும் 161. எக்லிப்ஸ் அதே வருடம் நவம்பரில் திவால் மனு போட்டது. ஏர் டாக்ஸி விடுவதாகச் சொல்லி அதற்குப் பெரிய அளவில் ஆர்டர் கொடுத்திருந்த டேஜெட் செப்டம்பரிலேயே கடையை மூடிவிட்டது. ஆக உச்ச வருட எண்ணிக்கையில் எட்டில் ஒரு பங்கு, நிற்காத ஒரு கம்பெனியின் சரக்கு.

2024இன் 764இலும் இதே சிக்கல் உண்டு. அதில் 101 சிர்ரஸ் விஷன் ஜெட். ஒற்றை இன்ஜின், மூன்று மில்லியன் டாலரைச் சுற்றிய விலை, பெரும்பாலும் வாங்கியவரே ஓட்டுவது. அறிவிக்கப்பட்டபோது 75 மில்லியன் டாலர் சொன்ன கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி700ம் அந்தப் பட்டியலில் ஒன்று, விஷன் ஜெட்டும் ஒன்று. தலையை மட்டும் எண்ணினால் யானையும் ஆட்டுக்குட்டியும் ஒரே கணக்கில் வந்துவிடும்.

23 அக்டோபர்

கணிப்பை நம்பலாமா என்ற பாதிக்கு இப்போது வருகிறேன். சந்தேகப்பட உங்களுக்குக் காரணம் இருக்கிறது.

இதே ஹனிவெல் 2008இல் சொன்னது: 2018 வரை சுமார் 17,000 புது ஜெட், 300 பில்லியன் டாலர். உற்பத்தியாளர் சங்கத்தின் வருடக் கணக்கை 2009 முதல் 2018 வரை கூட்டினால் ஏழாயிரத்துச் சொச்சம்தான் வருகிறது. பாதியைக்கூட எட்டவில்லை.

எங்கே பிசகியது? அந்தக் காலத்து ஆர்டர் புத்தகத்தில் விமானம் வேண்டியவர்களோடு ஸ்லாட் வியாபாரிகளும் கலந்திருந்தார்கள். மூன்று வருடம் கழித்து வரவேண்டிய விமானத்துக்கு முன்பணம் கட்டி வைப்பது, டெலிவரி நெருங்கும்போது அந்த இடத்தை லாபத்துக்குக் கைமாற்றுவது. விலை ஏறும்வரை எல்லோருக்கும் லாபம். நிதி நெருக்கடி வெடித்த 2008 செப்டம்பருக்குப் பிறகு முதலில் ஓடியவர்கள் இவர்கள்தான். செஸ்னா 2009இல் 290 விமானத்தைக்கூடக் கொடுக்க முடியாமல் போனது. 2008 தொடக்கத்தில் ஆரம்பித்த பெரிய ஜெட் திட்டமான கொலம்பஸை 2009 ஜூலையில் அடியோடு கைவிட்டது.

ஆகவே ஒரு கணிப்பைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: ஆர்டர் கொடுத்திருப்பவர் அதில் ஏறிப் பறக்கப் போகிறவரா?

23 அக்டோபர், சற்று நேரம் கழித்து

இன்னொரு கணக்கு. 300 பில்லியனை 17,000ஆல் வகுத்தால் ஒரு விமானத்துக்கு 17.6 மில்லியன். 283 பில்லியனை 8,500ஆல் வகுத்தால் 33.3 மில்லியன். அமெரிக்க விலைவாசி இந்த இடைவெளியில் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. அதைச் சேர்த்தாலும் பழைய சராசரி 26 மில்லியனைத்தான் தொடும். மீதி ஏழு மில்லியன் சந்தை பெரிய கேபின் பக்கம் நகர்ந்ததால் வந்தது. 2008இன் கணிப்பையும் 2025இன் கணிப்பையும் ஒப்பிட்டால் எண்ணிக்கை சரிபாதி, பணம் விலைவாசியைக் கழிக்காமல் பார்த்தால் ஏறக்குறைய அதே அளவு. தட்டான் சொன்ன "பாதியாகிவிட்டது" எண்ணிக்கைக்குத்தான் பொருந்தும்.

25 அக்டோபர்

கடற்காகம் கேட்டிருக்கிறார்: "8,500ஐப் பத்தால் வகுத்தால் வருடத்துக்கு 850. இன்று 764. அப்படியென்றால் நாளைக்கே 86 விமானம் கூடுதலாகக் கட்ட வேண்டுமே, முடியுமா?"

முடியாது. அந்த ஓட்டம் இன்றைய சப்ளையர்களிடம் இல்லை. கணிப்பு இந்த இடத்தில் இடிக்கிறது.

25 அக்டோபர், மாலை – மேலே எழுதியதற்குத் திருத்தம்

அவசரப்பட்டுவிட்டேன். 850 என்பது பத்து வருடச் சராசரி, முதல் வருட எண் அல்ல. ஆண்டுக்கு 3 சதவீத வளர்ச்சி என்று வைத்துத் தலைகீழாகப் போட்டால் முதல் வருடத்துக்கு 742 போதும். பத்தாவது வருடம் 968இல் வந்து நிற்கும். தொடக்கப் புள்ளி இன்றைய அளவுக்குக் கீழேயே இருக்கிறது. 17,000ஐப் பத்தால் வகுத்தாலே வருடத்துக்கு 1,700 வரும், அதாவது அதுவரை கண்ட உச்சத்தையும் தாண்டிய எண். 2025இன் கணிப்பு அந்த அளவில் அடக்கமானது.

கடைசி வருடத்து 968தான் என்னை உறுத்துகிறது. 2009இல் 870ஐ ஒட்டி இருந்தது. அதற்குப் பிறகு 2024 வரை எந்த வருடமும் 809ஐத் தாண்டவில்லை. அந்த 809 வந்தது 2019இல்.

27 அக்டோபர்

2019க்கும் 2024க்கும் நடுவில் என்ன நடந்தது என்று நிறுவனவாரியாகப் பார்த்தால் கதை தெளிவாகும். 809, 764. வித்தியாசம் 45.

இறங்கியவர்கள்: டெக்ஸ்ட்ரான் (செஸ்னாவின் தாய்க் கம்பெனி) 206இலிருந்து 151. ஹோண்டா 36இலிருந்து 11. கல்ஃப்ஸ்ட்ரீம் 147இலிருந்து 136. தசோ 40இலிருந்து 31. மொத்தம் 100 குறைவு.

ஏறியவர்கள்: எம்ப்ரேயர் 109இலிருந்து 130. சிர்ரஸ் 81இலிருந்து 101. பிலாட்டஸ் 40இலிருந்து 51. பம்பார்டியர் 142இலிருந்து 146. மொத்தம் 56 கூடுதல். ஏர்பஸ், போயிங்கின் பெரிய கார்ப்பரேட் ஜெட்டில் ஒன்று குறைவு. கணக்கு முடிந்தது.

பம்பார்டியரின் "4 கூடுதல்" சாதாரணமாகத் தெரிகிறது. 2019இன் 142இல் 12 லியர்ஜெட் இருந்தது. 2022 மார்ச்சோடு லியர்ஜெட் உற்பத்தி நின்றுவிட்டது. ஆக 2024இன் 146ம் சேலஞ்சரும் குளோபலும் மட்டுமே. மேல்தட்டில் 16 கூடியிருக்கிறது.

27 அக்டோபர், பின்குறிப்பு

விஷன் ஜெட்டை விலக்கினால் 2019இல் 728, 2024இல் 663. ஒன்பது சதவீத இறக்கம். முதல் நாள் அதை முழுக்கக் கழித்துவிடலாம் என்ற தொனியில் எழுதியிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. வாங்கினவரே ஓட்டும் ரகம் தனிச் சந்தை. அதைத் தனி வரியில் வைத்துப் பார்த்தால் போதும், தூக்கி எறிய வேண்டியதில்லை.

1 நவம்பர்

"கல்ஃப்ஸ்ட்ரீமுக்கு வாடிக்கையாளர் குறைந்துவிட்டார்களா?" என்று ஒருவர். இல்லை. அங்கே முட்டுக்கட்டையாக நின்றது சான்றிதழ்.

ஜி700 அறிவிக்கப்பட்டது 2019 அக்டோபர். அமெரிக்க விமான நிர்வாகத்தின் சான்றிதழ் கிடைத்தது 2024 மார்ச் 29. நடுவில் கட்டி முடித்த விமானங்கள் கொடுக்க முடியாமல் நின்றன. 2023இல் டெலிவரி 111க்கு இறங்கியதற்கு அதுவே முக்கியக் காரணம். சான்றிதழ் வந்ததும் அணை உடைந்தது மாதிரி எல்லாம் வெளியேறும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். 2024க்கு முதலில் சொன்ன இலக்கு 160ஐ ஒட்டி, ஆனது 136.

பொதுவாகவே பெரிய கேபின் ஜெட்டில் சான்றிதழ் வாங்கிய டிசைன் வேறு, வாடிக்கையாளர் கேட்ட உள் அலங்காரம் வேறு. இருக்கை, சமையலறைப் பகுதி, கதவு வைத்த படுக்கையறை என்று ஒவ்வொன்றுக்கும் தீப்பிடிப்புச் சோதனையும் மோதல் வலுச் சோதனையும் தனித்தனியாக உண்டு. முதல் சில விமானங்களில் இந்தக் காகித வேலையே வாரக்கணக்கில் இழுக்கும்.

4 நவம்பர்

காலாண்டு எண்ணைப் பார்த்துப் பதறுகிறவர்களுக்காக இது. 2024இல் நான்கு காலாண்டுகள் போன விதம்:

கல்ஃப்ஸ்ட்ரீம் 24, 37, 28, 47.
பம்பார்டியர் 20, 39, 30, 57.
எம்ப்ரேயர் 18, 27, 41, 44.
டெக்ஸ்ட்ரான் 36, 42, 41, 32.

பம்பார்டியரின் வருட வேலையில் 39 சதவீதம் கடைசி மூன்று மாதத்தில். முதல் காலாண்டின் 20ஐ நான்கால் பெருக்கி "80தான் போகும்" என்று எழுதினவர்கள் உண்டு. அப்படிச் செய்யவே கூடாது.

இந்த வீக்கத்துக்குப் பெரிய காரணம் அமெரிக்க வரிச் சட்டம். தொழிலுக்காக வாங்கிய விமானத்தின் விலையை முதல் வருடமே தேய்மானமாகக் கழிக்கலாம். 2017 செப்டம்பர் இறுதியிலிருந்து 2022 வரை முழு 100 சதவீதம். 2023இல் 80, 2024இல் 60, 2025இல் 40 என்று இறங்கிக்கொண்டிருந்தது. 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம், ஜனவரி 19க்குப் பிறகு வாங்கியவற்றுக்கு மறுபடி 100ஐ நிலையாக்கியது. வட அமெரிக்காதான் புது ஜெட் தேவையில் மூன்றில் இரண்டு பங்கு என்பதால் உலகக் கணக்கே இதோடு சேர்ந்து ஆடுகிறது.

ஆனால் வரிச் சலுகை கிடைக்க டிசம்பர் 31க்குள் விமானம் "பயன்பாட்டில்" இருக்க வேண்டும். பணம் கட்டியது போதாது. கடைசி வாரத்தில் நடப்பது இதுதான்: வாங்குபவரின் தொழில்நுட்பக் குழு டெலிவரி மையத்துக்கு வந்து தரைச் சோதனை செய்யும். பிறகு ஏற்புப் பறப்பு, அதில் கண்ட குறைகளின் பட்டியல், குறை தீர்த்து மறுசோதனை. மீதிப் பணம் எஸ்க்ரோ கணக்கில் (நடுவில் ஒரு மூன்றாம் தரப்பிடம்) வந்து காத்திருக்கும். இரு தரப்பும் தொலைபேசியில் இருக்கும்போதே விற்பனைப் பத்திரம் ஓக்லஹோமா சிட்டி பதிவகத்தில் தாக்கலாகும், பணம் விடுவிக்கப்படும். அதற்குப் பிறகு ஒரு தொழில்முறைப் பறப்பும் நடந்து, யார் எதற்குப் போனார்கள் என்ற குறிப்பும் இருந்தால்தான் கணக்காளர் நிம்மதியாகத் தூங்குவார். குறைப் பட்டியலில் ஒரு கேபின் பேனல் சத்தம் போடுகிறது என்றிருந்தால்கூட இரண்டு நாள் போய்விடும். டிசம்பர் 29இல் அந்த இரண்டு நாள் இருக்காது.

4 நவம்பர், இரவு

மேலே டெக்ஸ்ட்ரான் மட்டும் கடைசிக் காலாண்டில் இறங்கியிருக்கிறதே என்று கேட்குமுன் சொல்லிவிடுகிறேன். டெக்ஸ்ட்ரானின் ஆலை இருக்கும் விச்சிட்டாவில் சுமார் 5,000 தொழிலாளர்கள் செப்டம்பர் இறுதியிலிருந்து ஐந்து வாரம் வேலைநிறுத்தம். முந்தைய வருடக் கடைசிக் காலாண்டு 50, அந்த வருடம் 32. 2019ஐ விட 55 குறைவு என்று முன்பு எழுதினேன். அதில் ஒரு பகுதி இதுதான் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும்.

9 நவம்பர்

ஆர்டர் இருக்கிறது, விலையும் இருக்கிறது, பிறகு ஏன் உற்பத்தி எறும்பு மாதிரி ஊர்கிறது? கடற்காகத்தின் இந்தக் கேள்விதான் இழையிலேயே முக்கியமானது.

இன்ஜினிலிருந்து தொடங்குவோம். ஹனிவெல்லின் எச்டிஎஃப்7000 குடும்பம் ஒன்றே நான்கு நிறுவனங்களின் விமானத்தில் இருக்கிறது: பம்பார்டியரின் சேலஞ்சர் 3500, எம்ப்ரேயரின் பிரேட்டர் 500ம் 600ம், டெக்ஸ்ட்ரானின் சைட்டேஷன் லாஞ்சிட்யூட், கல்ஃப்ஸ்ட்ரீம் ஜி280. நடுத்தர ஜெட் சந்தையில் போட்டியாளர்கள் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள், ஆனால் எல்லோரும் நிற்பது ஒரே கடையின் வரிசையில். அந்த இன்ஜினுக்கு வேண்டிய வார்ப்புப் பாகம் தாமதமானால் நான்கு அசெம்பிளி லைனும் சேர்ந்து மூச்சு வாங்கும்.

அடுத்தது சில்லறை. 2025 பிப்ரவரியில் பென்சில்வேனியாவின் ஜென்கின்டவுனில் விமானத்துக்கான போல்ட், ஃபாஸ்டனர் செய்யும் எஸ்பிஎஸ் ஆலை எரிந்தது. ஐம்பது மில்லியன் டாலர் விமானத்தில் அந்த போல்ட்டின் விலை கணக்கிலேயே வராது. ஆனாலும் சான்றிதழில் எழுதிய பாக எண் இல்லாமல் வேறொன்றை மாட்ட முடியாது. மாற்றுப் பாகத்துக்குப் பொறியியல் ஒப்புதல் வாங்க வேண்டும்.

ஒரு பாகம் வரவில்லை என்றால் லைனில் என்ன ஆகிறது என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள். ஒரு காற்று வால்வு வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலையத்திலேயே விமானத்தை நிறுத்தினால் பின்னால் உள்ள எல்லாம் நிற்கும். அதனால் வால்வு இல்லாமலேயே அடுத்த நிலையத்துக்குத் தள்ளுவார்கள். அங்கே அதன் மேல் வயர் கட்டு போகும், இன்சுலேஷன் போர்வை போகும், சில சமயம் உள் பேனலும் ஏறிவிடும். மூன்று வாரம் கழித்து வால்வு வரும்போது அத்தனையும் கழற்ற வேண்டும். குனிந்து நுழைய இடமில்லாத மூலையில் இருவர் செய்த வேலையை ஒருவர் செய்ய வேண்டும். கழற்றிய ஒவ்வொரு இணைப்புக்கும் கசிவுச் சோதனை, மின் தொடர்ச்சிச் சோதனை, ஆய்வாளர் கையெழுத்து எல்லாம் மறுபடி. இரண்டு மணி நேர வேலை இரண்டு ஷிஃப்ட் ஆகும். இந்த "பின்னால் இழுத்துவரும் வேலை" கூடக் கூட, ஆள் சேர்த்தாலும் எண்ணிக்கை ஏறாது. 2020இல் அனுபவசாலிகள் பலர் ஓய்வு பெற்றுப் போய்விட்டதால் கழற்றி மாட்டத் தெரிந்த கைகளும் குறைவு.

ஆகவே என் கருத்து: இன்று வருட டெலிவரி என்ற எண் தேவையைக் காட்டவில்லை. சப்ளைச் சங்கிலியின் இளைத்த கண்ணி எவ்வளவு தாங்கும் என்பதைக் காட்டுகிறது.

15 நவம்பர்

அப்படியென்றால் தேவையை எதில் பார்ப்பது? பேக்லாக் (இன்னும் கொடுக்காத ஆர்டர்), புக்-டு-பில் இரண்டிலும். புக்-டு-பில் என்பது ஆர்டர் மதிப்பை டெலிவரி மதிப்பால் வகுத்தால் ஒன்றுக்கு மேல் இருக்கிறதா என்பது. 2024 முடிவில் பம்பார்டியரிடம் 14.4 பில்லியன் டாலர் நிலுவை, எம்ப்ரேயரின் எக்சிகியூட்டிவ் ஜெட் பிரிவில் 7.4 பில்லியன்.

ஆனால் பேக்லாக்கையும் கிள்ளிப் பார்க்க வேண்டும். விமானத்தைப் பங்கு போட்டு விற்கும் நெட்ஜெட்ஸ் 2023இல் டெக்ஸ்ட்ரானோடு போட்டது "1,500 சைட்டேஷன் வரை, 15 வருடத்தில்". அந்த "வரை"தான் கவனிக்க வேண்டிய சொல். அதே வருடம் எம்ப்ரேயரிடம் 250 பிரேட்டர் 500 வரை. அதே தொழில் செய்யும் ஃபிளெக்ஸ்ஜெட் 2025 பிப்ரவரியில் எம்ப்ரேயரிடம் 182, அதற்கு மேல் 30 விருப்ப உரிமை. உறுதி ஆர்டர் எது, விருப்ப உரிமை எது என்று பிரிக்காமல் கூட்டினால் 2008இல் செய்த தப்பு வேறு வேஷத்தில் திரும்பும்.

அப்போதைய ஸ்லாட் வியாபாரியோடு இவர்களை ஒப்பிட மாட்டேன். பங்கு முறையில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு விற்று, நாள் முழுக்கப் பறக்கவிடுகிறவர்கள் இவர்கள். "ஏறிப் பறக்கப் போகிறவரா" என்று முன்பு கேட்ட கேள்வியில் தேறிவிடுகிறார்கள். கவலை வேறு: ஆர்டர் சில கைகளில் குவிகிறது. அதில் ஒருவர் வருடத்துக்கு பத்து விமானத்தைத் தள்ளிப்போட்டாலே ஒரு லைனின் வேகம் மாறும்.

16 நவம்பர்

சுங்க வரி பற்றி ஒரு வரி. ஆகஸ்டில் சுவிஸ் சரக்குக்கு அமெரிக்கா 39 சதவீதம் போட்டதும் பிலாட்டஸ் அங்கே டெலிவரியைத் தற்காலிகமாக நிறுத்தியது. இந்த வாரம் 15க்கு இறக்க ஒப்பந்தம் ஆகியிருக்கிறது. பிலாட்டஸின் 2025 எண் 2024இன் 51க்குக் கீழே வந்தால் அதைத் தேவைக் குறைவு என்று படிக்காதீர்கள்.

21 நவம்பர்

பழைய விமானச் சந்தையை விட்டுவிட்டேன், தட்டான் நினைவூட்டியதற்கு நன்றி. புதுச் சந்தைக்கு இதைவிட நல்ல முன்னறிவிப்பு எனக்குத் தெரியாது.

உலகில் உள்ள ஜெட்டுகளில் எத்தனை சதவீதம் விற்பனைக்கு நிற்கிறது என்று பாருங்கள். பத்தை ஒட்டி இருந்தால் சமநிலை என்பது பழைய வழக்கு. 2009இல் 17ஐ ஒட்டிப் போனது. பத்து மாதம் ஓடிய விமானம் மலிவாகக் கிடைக்கும்போது யார் மூன்று வருடம் காத்திருப்பார்கள்? 2022 தொடக்கத்தில் 3ஐ ஒட்டி இறங்கியது. அப்போது பழையது கேட்டவர்கள்கூடப் புதுசுக்கு முன்பணம் கட்டினார்கள்.

மொத்தச் சதவீதம் மட்டும் போதாது. இருபத்தைந்து வருடப் பழசுகள் விற்காமல் நின்று எண்ணை வீங்கவைக்கும். பத்து வருடத்துக்கு உட்பட்டதை மட்டும் ரகவாரியாகப் பிரியுங்கள். அது ஏறத் தொடங்கினால் ஒன்றரை வருடம் கழித்துப் புது ஆர்டரில் தெரியும்.

28 நவம்பர்

இந்தியா பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. தசோவும் ரிலையன்ஸும் ஃபால்கன் 2000 எல்எக்ஸ்எஸ்ஸை நாக்பூரில் முழுமையாகப் பொருத்தப்போவதாக ஜூனில் பாரிஸ் விமானக் கண்காட்சியில் அறிவித்தார்கள். 2028க்குள் முதல் பறப்பு என்பது திட்டம். உலக எண்ணிக்கையை அது பெரிதாக அசைக்காது, தசோவே வருடத்துக்கு முப்பது சொச்சம்தான் கொடுக்கிறது. இங்கே வாங்குபவருக்கு முக்கியம் வரி: செப்டம்பர் 22 முதல் சொந்த உபயோக விமானத்துக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம், மற்றவற்றுக்கு 5. வாங்குமுன் எந்த வகையில் பதியப்போகிறோம் என்று முடிவு செய்யாதவர் பட்ஜெட் போடவே முடியாது.

9 டிசம்பர்

நேற்று பம்பார்டியரின் முதல் குளோபல் 8000 சேவைக்கு வந்தது. 8,000 கடல் மைல், உச்ச வேகம் மாக் 0.95. டெலிவரிக் கணக்குக்கு இது புது வரி அல்ல, 7500 ஓடிய அதே லைன். ஏற்கெனவே 7500 வைத்திருப்பவர்களும் 8000 ஆக மேம்படுத்திக்கொள்ளலாம். புது விமானத்துக்கு முதலிலிருந்து லைன் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஜி700ஐ மேலே பார்த்தோம். இதில் அந்த இடறல் குறைவாக இருக்கும்.

14 டிசம்பர்

தட்டான்: "சுற்றி வளைத்தது போதும், 2025இன் எண் என்ன?"

நியாயம். நிறுவனங்கள் சொன்ன இலக்கையும் இதுவரை வந்த காலாண்டையும் வைத்துப் போடுகிறேன். கல்ஃப்ஸ்ட்ரீம் 150. பம்பார்டியர் 152. எம்ப்ரேயர் 150. டெக்ஸ்ட்ரான் ஒன்பது மாதத்தில் 122, கடைசிக் காலாண்டில் வேலைநிறுத்தம் இல்லை, எனவே 170. தசோ 40 என்று சொல்லியிருக்கிறது, நான் 35 போடுகிறேன். சிர்ரஸ் 100. பிலாட்டஸ் 45. ஹோண்டா, ஏர்பஸ், போயிங் சேர்த்து 18. கூட்டினால் 820.

2019இன் 809ஐத் தாண்டும் என்பது என் கணக்கு. பம்பார்டியரும் கல்ஃப்ஸ்ட்ரீமும் கடைசி இரண்டு வாரத்தில் ஆளுக்கு ஆறு விமானம் தவறவிட்டால் தாண்டாது.

14 டிசம்பர், பின்குறிப்பு

கூட்டலைச் சரிபார்த்துவிட்டேன், 820தான். சங்கத்தின் முழுக் கணக்கு பிப்ரவரியில் வரும். அப்போது நிறுவனவாரியாக இதே வரிசையில் பக்கத்தில் வைத்து, எங்கே தப்பினேன் என்று இங்கேயே எழுதுகிறேன்.